நசுங்கிய மண்டை ஓட்டைப் படிக்கும் விதம்

நான் நகரிக்காரி. அப்பாவுக்கு விசைத்தறி, எனக்கு விலங்கியல். பல வருடம் ஒரு கல்லூரி அருங்காட்சியகத்தில் எலும்புகளோடு இருந்தேன். அழிந்துபோன குளம்பு விலங்கின் மண்டை ஓடு முழுசாகக் கிடைப்பது அபூர்வம். மூக்கு இருக்காது, ஒரு பக்கம் அப்பளமாக நசுங்கியிருக்கும். அதற்காக ஒதுக்கிவிடாதீர்கள்.

முதலில் பாய் கடைக்குப் போங்கள். எங்கள் ஊரில் 'தலகாய' என்று கேட்டால் ஆட்டுத் தலை கிடைக்கும். தோலும் சதையும் நீக்கி, மூடிபோட்ட வாளித் தண்ணீரில் சில வாரம் ஊறவிடுங்கள். நாற்றம் வரும், கொல்லையில் வையுங்கள். பன்றித் தலை ஒன்றையும் இப்படியே தயார் செய்யுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க இந்த இரண்டும் மேஜையில் இல்லாமல் புதைபடிவத்தில் கை வைக்காதீர்கள்.

ஒட்டியிருக்கும் மண்ணைச் சுரண்டுவதற்கு முன் படம் எடுங்கள். டார்ச்சைப் பக்கவாட்டில் தாழப் பிடித்தால், நேர் வெளிச்சத்தில் தெரியாத மேடு பள்ளம் நிழலாக விழும். சுரண்டிய மண்ணிலும் கொஞ்சம் எடுத்து வையுங்கள்.

அப்புறம் பல். எனாமல்தான் உடம்பிலேயே கெட்டியான பொருள், மண்டை நொறுங்கினாலும் அது நிற்கும். எங்களுக்கு அதிக தூரமில்லாத அத்திரம்பாக்கம் என்ற கற்கால இடத்தில், கொசஸ்தலை ஆற்றுப் படுகையில், எருமை, குதிரை, நீலான் (நீல்காய்) வகைகள் இருந்ததைச் சொன்னவை பற்களே. மேல் கடைவாய்ப்பல்லைப் பாருங்கள். பிறை பிறையாக இருந்தால் ஆடு, மாடு, மான் பக்கம். மழுங்கிய குமிழ்கள் என்றால் பன்றி பக்கம். காண்டாமிருகத்துக்குக் கணக்கில் வரும் 'பை' (π) குறி மாதிரி இருக்கும். தேய்மானத்தையும் குறியுங்கள். கிழட்டு விலங்கின் பல்லில் இந்த வடிவம் அழிந்தே போயிருக்கும், அதைப் புது இனம் என்று நினைத்துவிடக் கூடாது.

கண்குழிக்குப் பின்னால் ஆட்டுக்கு எலும்பு வளையம் மூடியிருக்கும், பன்றிக்குத் திறந்திருக்கும். புதைபடிவத்தில் அங்கே வெறும் முனைதான் மிஞ்சியிருக்கிறதா? லென்ஸில் பாருங்கள். வழுவழுப்பாக முடிந்தால் அது பிறவி. பஞ்சு மாதிரி உள்ளெலும்பு தெரிந்தால், வளையம் இருந்து உடைந்திருக்கிறது. விரிசலுக்கும் எலும்பு மூட்டு வரிக்கும் இதே கவனம் வேண்டும். மூட்டு வரி நெளிந்து ஓடும், இரு பக்கமும் ஒரே இடத்தில் வரும். விரிசல் அப்படி வராது.

நசுங்கலை எப்படிப் புரிந்துகொள்வது? அதை நான் அப்பாவின் தறியில்தான் கற்றேன். கட்டம் போட்ட துணியை மூலைக்கு மூலை இழுத்தால் சதுரமெல்லாம் சாய்ந்துவிடும், நூலின் நீளம் மாறாது. பாறையின் அழுத்தத்தில் மண்டையும் இப்படிச் சாயும். அண்ணத்தின் நடுவில் ஒரு கோடு போடுங்கள். இடது முதல் கடைவாய்ப்பல்லிலிருந்து வலதுக்கு இன்னொரு கோடு. செங்குத்தாக வெட்டவில்லை என்றால் அடுத்த பல்லிலும் போட்டுப் பாருங்கள். எல்லாம் ஒரே கோணத்தில் சாய்ந்தால் சாய்வு மண்ணின் வேலை, விலங்குடையது இல்லை. ஒவ்வொரு பல்லின் நீளத்தையும் நம்பலாம். அண்ண அகலத்தை எழுதினால் பக்கத்தில் 'சிதைந்தது' என்றும் எழுதுங்கள்.

ஒட்டும்போது அவசரம் வேண்டாம். ஒருமுறை இரண்டு துண்டுகளைச் சூப்பர் குளூவால் ஒட்டினேன். மூன்று மில்லிமீட்டர் விலகி உட்கார்ந்துவிட்டது, சேதமில்லாமல் பிரிக்க முடியவில்லை. இன்றும் அதை நினைத்தால் மனசு கேட்பதில்லை. அசிட்டோனில் கரைத்த பாராலாய்ட் பி-72 என்ற பசை வாங்குங்கள். தப்பாக ஒட்டினாலும் அசிட்டோனாலேயே கரைத்துவிடலாம்.

உடைந்த இடத்தையும் மதியுங்கள். ஜம்மு காஷ்மீரின் காலாகோட்டில் புவியியலாளர் ரங்கா ராவ் சேகரித்த பாறைகளை, அவர் இறந்தபின் அவருடைய மனைவி, தெவிசன் என்ற ஆய்வாளரிடம் கொடுத்தார். சுத்தம் செய்யும்போது ஒரு மண்டை தவறி உடைந்தது. உள்ளே காதெலும்பின் உட்சுவர் திமிங்கலத்துக்கு இருப்பதுபோல் தடித்திருந்தது. சுமார் 4.8 கோடி வருடத்துக்கு முந்தைய, இந்தோஹையஸ் என்ற குளம்புள்ள சின்ன விலங்கு, திமிங்கலத்தின் நெருங்கிய உறவு என்று 2007இல் வெளியானது அப்படித்தான். ஆகவே ஒட்டுவதற்கு முன் ஒவ்வொரு உடைப்பு முகத்தையும் படம் எடுங்கள். காதுப் பக்கத்துத் துண்டு சுண்டைக்காய் அளவு இருந்தாலும் தனி டப்பாவில் போட்டு, கிடைத்த இடமும் தேதியும் எழுதி ஒட்டுங்கள்.