தாத்தா வீட்டை ஊருக்கு எழுதிக்கொடுக்க நினைப்பவர்களுக்கு

இலங்கை மலையகத்து ஹட்டனில் எங்கள் தாத்தா கட்டிய வீட்டில் இப்போது வாசிகசாலையும் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பும் நடக்கின்றன. தாத்தா தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் சேர்த்து வேலை வாங்கிய பெரிய கங்காணி. ஆள் தலைக்கு இவ்வளவு என்று தோட்டம் கொடுத்த காசில் எழும்பிய வீடு அது. கொழுந்து பறித்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அது போவதுதான் நியாயம் என்று பட்டது.

முதல் வேலை, உறுதியை, அதாவது காணிப் பத்திரத்தை, தேடி எடுப்பது. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், நாலு தலைமுறை இருந்திருந்தாலும் உறுதி இல்லாமல் எதையும் எழுதிக்கொடுக்க முடியாது. உறுதி இருந்தால் காணிப் பதிவகத்தில் பதிவேட்டுப் பிரதி எடுத்து, பழைய கடன், ஈடு (அடமானம்) எதுவும் இல்லையா என்று பாருங்கள்.

அடுத்தது பங்காளிகள். இதில் அவசரப்படவே வேண்டாம். மலையகத் தமிழர்களுக்கு யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமை இல்லை, பொதுச் சட்டம்தான். மரண சாசனம் எழுதாமல் ஒருவர் இறந்தால் பாதி துணைக்கு, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. ஆகவே கட்டிக்கொடுத்த அத்தைக்கும் பங்கு உண்டு, கனடாவில் இருக்கும் சித்தப்பாவுக்கும் உண்டு. வெளிநாட்டில் உள்ளவர்கள், தங்களுக்காக இன்னொருவர் கையெழுத்திட அதிகாரம் கொடுக்கும் அற்றோணித் தத்துவம் அனுப்பலாம். ஆனால் கையெழுத்தைக் கேட்பதற்கு முன்னால் வீடு எதற்குப் போகிறது என்று ஒவ்வொருவரிடமும் பேசுங்கள். எங்கள் அத்தை சாமி அறையைப் பற்றி மட்டும்தான் கேட்டார். அந்த அறையை அப்படியே வைப்பதாக உறுதியிலேயே எழுதினோம்.

நன்கொடை உறுதியை, உறுதி எழுதும் சட்ட அலுவலரான நொத்தாரிசு முன், 2 சாட்சிகளோடு முடிக்க வேண்டும். பெறுகிறவர் ஏற்றுக்கொள்வதாக அதிலேயே கையொப்பமிடுவது நல்லது. அப்புறம் பதிவு. கொடுத்ததைத் திரும்பப் பெறுவது லேசில்லை, அதனால் யாருக்குக் கொடுக்கிறோம் என்பதுதான் பெரிய கேள்வி. ஒரு தனி ஆளின் பேருக்கோ, பதிவில்லாத சங்கத்துக்கோ வேண்டாம். 1917ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி ஒரு தர்ம நம்பிக்கைப் பொறுப்பு (டிரஸ்ட்) அமைத்து, பொறுப்பாளர்களில் தோட்டத்துப் பெண்கள் இருவரையாவது சேருங்கள். வாசிகசாலை, வகுப்பு, ஊர்க்கூட்டம் என்று பயன்பாட்டைப் பேர் சொல்லி எழுதி, விற்கவோ ஈடு வைக்கவோ கூடாது என்றும் சேர்த்துவிடுங்கள். அம்மாவோ அப்பாவோ இன்னும் அங்கே இருந்தால் அவர்களுக்குச் சீவிய உரித்து, அதாவது உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்கும் உரிமை, வைத்துக் கொடுக்கலாம்.

பழுது பார்ப்பதில் ஒன்றைச் சொல்ல வேண்டும். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய கல் சுவருக்குச் சீமெந்து பூசாதீர்கள். ஈரம் உள்ளேயே நின்று, உள்பக்கம் பூச்சு பொரிந்து விழும். சுண்ணாம்பையே பூசுங்கள். புதிதாக அறை இறக்குவதென்றால் மண்சரிவு அபாயம் பற்றித் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்திடம் அறிக்கை வாங்க வேண்டும்.

வீட்டிலிருக்கும் தாள்களை எரித்துவிடாதீர்கள். எங்கள் தகரப்பெட்டியில் தாத்தாவின் கணக்குப் புத்தகம் இருந்தது: பேர், வாங்கிய முன்பணம், ஓரத்தில் மை மங்கிய பெருவிரல் ரேகை. சில பேருக்கு நேரே கடன் தீர்ந்த குறிப்பே கிடையாது. அந்தக் குடும்பங்கள் இன்றும் இங்கேதான் இருக்கின்றன. ஆகவே கண்ணாடிப் பெட்டியில் வைப்பதற்கு முன் ஒவ்வொரு வீட்டுக்கும் போய்ப் பக்கத்தைக் காட்டிச் சம்மதம் கேட்டோம். வேண்டாம் என்றவர்களின் பக்கங்களை மூடியே வைத்திருக்கிறோம்.

சாவி இரண்டு பேரிடம் இருக்கட்டும். மின்கட்டணம் யார் கட்டுவது, மே மாத மழைக்கு முன் கூரைப் பீலியை யார் துப்புரவாக்குவது என்பதை முதல் கூட்டத்திலேயே பேர் போட்டு எழுதிவிடுங்கள்.