கான்ஜி: வரிசையை மாற்றிய பிறகுதான் மனதில் நின்றது

ஜப்பானிய மொழியில் வழங்கும் சீன எழுத்துகளான கான்ஜியை, ஜப்பானியப் பள்ளிப் பிள்ளைகள் படிக்கும் வகுப்பு வரிசையில்தான் தொடங்கினேன். முதல் வகுப்புக்கு 80 எழுத்து, ஆறாம் வகுப்பு முடிய 1,026. ஒவ்வொன்றையும் நோட்டில் இருபது தடவை எழுதுவேன். மூன்றாம் வகுப்பு எழுத்துகளுக்கு வந்ததும் சிக்கிக்கொண்டேன். 'நேரம்', 'பிடித்தல்', 'காத்திருத்தல்' மூன்றும் கண்ணுக்கு ஒன்றாகவே தெரிந்தன. 'நான்' என்பதற்கான 'வதாஷி' ஆறாம் வகுப்பில்தான் வருகிறது! அந்த வரிசை, பேச்சு ஏற்கெனவே தெரிந்த குழந்தைகளுக்கானது, எனக்கானது அல்ல.

பிறகு எழுத்துகளை உறுப்பு உறுப்பாகப் பிரித்துப் பார்த்தேன். அந்த மூன்றிலும் வலப்பக்கம் இருப்பது 'பௌத்தக் கோயில்' என்ற எழுத்து. இடப்பக்கம் சூரியன் வந்தால் நேரம், கை வந்தால் பிடித்தல், நடையைக் குறிக்கும் உறுப்பு வந்தால் காத்திருத்தல். கோயிலுக்குச் சீன வழி ஒலி, அதாவது சீனத்திலிருந்து வந்த உச்சரிப்பு, 'ஜி'. நேரத்துக்கும் பிடித்தலுக்கும் அதே 'ஜி'தான். காத்திருத்தல் மட்டும் 'தை'. கோயில் அங்கே நிற்பது பொருளுக்காக அல்ல, ஒலிக்காக என்று பிடிபட்ட அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

இப்போது உறுப்பை முதலில் படிக்கிறேன், அது வரும் எழுத்துகளை அடுத்து, ஒவ்வொன்றுக்கும் புழக்கத்தில் உள்ள ஒரு சொல்லோடு. ஒலிகளைத் தனிப் பட்டியலாக மனப்பாடம் செய்வதை விட்டேவிட்டேன். நேரம் என்று பொருள்படும் 'ஜிகான்' என்ற சொல் தெரிந்தால் 'ஜி' தானாக வந்துவிடுகிறது. நாளுக்கு ஐந்து புதியவை. பழையவற்றை ஆங்கி என்ற மனப்பாட அட்டைச் செயலி நினைவூட்டும். எழுதுவது இரண்டே தடவை, ஆனால் பார்க்காமல். அன்றாடப் பயன்பாட்டுக்கென ஜப்பான் அரசு வகுத்த ஜோயோ பட்டியலின் 2,136 எழுத்துகளில் 600-ஐத் தாண்டிவிட்டேன்.