மால்வேர் டிடெக்‌ஷன்ல ரிசர்ச் பண்றீங்களா, முதல்ல டேட்டாவ தேதி பாத்து பிரிங்க

சென்னைல எம்.ஈ, பிஎச்டி பண்றவங்க நிறைய பேர் ஆண்ட்ராய்டு மால்வேர் டிடெக்‌ஷன், அதாவது கெடுதல் பண்ற ஆப்ஸ கண்டுபிடிக்கிற ரிசர்ச், எடுக்குறாங்க, ரிவ்யூல 99 சதவீதம் அக்யூரசின்னு ஸ்லைடு போடுறாங்க. எப்படி வந்துச்சுன்னு கேட்டா, மொத்த டேட்டாவையும் ஷஃபிள் பண்ணி, மாடல ட்ரெயின் பண்ண 80, டெஸ்ட் பண்ண 20னு பிரிச்சோம்பாங்க. அங்கதாங்க கோளாறே. நாளைக்கு வரப்போற மால்வேரோட சாயல மாடல் இன்னைக்கே பாத்துடுது, அப்புறம் எப்படி கோட்டை விடும்?

2019ல யூசெனிக்ஸ் செக்யூரிட்டி கான்ஃபரன்ஸ்ல டெசராக்ட்னு ஒரு பேப்பர் வந்துச்சு, இத புட்டுப் புட்டு வச்சிருக்கு, மத்தத எல்லாம் ஓரமா வச்சுட்டு அத படிங்க.

செய்ய வேண்டியது இதான். ஏதாவது ஒரு வருஷத்த எல்லையா வச்சு, அது வரைக்கும் வந்த ஆப்ஸ்ல ட்ரெயின் பண்ணுங்க, அதுக்கு அப்புறம் வந்தத மாசம் மாசமா டெஸ்ட் பண்ணுங்க. ஸ்கோர் இறங்கும், இறங்கட்டும், அந்த கர்வ்தான் உங்க உண்மையான ரிசல்ட். நல்ல ஆப்பும் மால்வேரும் ஒரே காலத்துதா இருக்கணும், ஒண்ணு பழசு ஒண்ணு புதுசுன்னா மாடல் மால்வேர கத்துக்காது, ஆண்ட்ராய்டு வெர்ஷன் வித்தியாசத்த கத்துக்கிட்டு உக்காந்துடும்.

ஆப்ஸுக்கு லக்சம்பர்க் யூனிவர்சிட்டியோட ஆண்ட்ரோஜூங்கற ஆப் சேகரிப்பு இருக்கு, ரிசர்ச்னு சொல்லி விண்ணப்பிச்சா டவுன்லோட் பண்ண ஏபிஐ கீ தருவாங்க. ஆனா அதுல டெக்ஸ் டேட்னு இருக்குற, ஆப்போட கோட் ஃபைல் தேதிய அப்படியே நம்பிடாதீங்க, ஏகப்பட்ட ஆப்புக்கு 1980னு இருக்கும், ஆண்ட்ராய்டே பொறக்காத வருஷம். ஃபைல பல ஆன்டிவைரஸ்ல செக் பண்ற வைரஸ்டோட்டல் சைட்டோட ஸ்கேன் தேதியையும் சேத்துப் பாருங்க.

டூப்ளிகேட்ட ஷா-256 ஹாஷ், அதாவது ஃபைலோட கைரேகை மாதிரி ஒரு கோட், வச்சு மட்டும் தூக்குனா பத்தாது. ஒரு பைட் மாறுனாலே ஹாஷ் மொத்தமா மாறிடும், அதே மால்வேர் வேற ஹாஷோட ட்ரெயின், டெஸ்ட் ரெண்டு பக்கமும் உக்காந்திருக்கும், கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்குற ஃபைல கண்டுபிடிக்கிற எஸ்எஸ்டீப் இல்ல டிஎல்எஸ்ஹெச் போட்டு ஒத்துப்போறத பிடிங்க.

அக்யூரசிய விட ஃபால்ஸ் பாசிடிவ், அதாவது நல்ல ஆப்ப மால்வேர்னு தப்பா பிடிக்கிறது, அதான் முக்கியம். 1 லட்சம் ஆப்ல 100 மால்வேர்னு வைங்க, நல்ல ஆப்ல 1 சதவீதத்த தப்பா பிடிச்சாலே 999 பொய் அலாரம், எந்த டீமும் அத உக்காந்து பாக்க முடியாது.

சாம்பிள ரன் பண்ணியே ஆகணும்னா எலக்ட்ரானிக்ஸ் கடைங்க இருக்குற ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரு பழைய சிபியு வாங்கி அதுக்குள்ள விஎம், அதாவது கம்ப்யூட்டருக்குள்ள ஓடுற இன்னொரு கம்ப்யூட்டர், போடுங்க, ஷேர்டு ஃபோல்டர், கிளிப்போர்டு ரெண்டையும் ஆஃப் பண்ணுங்க, பழைய நிலைக்குத் திரும்பிப் போக ஸ்னாப்ஷாட் எடுத்துட்டு அப்புறம் சாம்பிள தொடுங்க, ஹாஸ்டல் வைஃபை பக்கமே கொண்டுபோகாதீங்க, கூட இருக்குறவங்க லேப்டாப்பும் அதுலதான் இருக்கு.

தீசிஸ் கூட எல்லா சாம்பிளோட ஹாஷும் தேதியும் ஒரு சிஎஸ்வி ஃபைலா குடுங்க, அடுத்து வர்றவங்க அதே பிரிவுல ஓட்டிப் பாக்க முடியும்.