செட்டிநாட்டுச் சாயலில் ஒரு கூடம்: தொடங்குவோருக்கான செய்முறை விளக்கம்

காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கத்துப் பெரிய வீடுகளைப் பார்த்துவிட்டு வருபவர்கள் பெரும்பாலும் தூண்களையும் தரைக்கற்களையும் பற்றியே பேசுகிறார்கள். ஆனால் அவ்வீடுகளுக்குள் நுழைந்தவுடன் மனம் அடங்குவதற்கு முதற்காரணம் வெளிச்சம் உள்ளே வரும் விதம்தான் என்பது என் உறுதியான கருத்து. தெருவெயிலிலிருந்து திண்ணை நிழலுக்கும், அங்கிருந்து முகப்புக்கும், பிறகு வளவு எனப்படும் வானம் திறந்த நடுமுற்றத்துக்கும் செல்லும்போது கண் படிப்படியாகப் பழகிக்கொள்கிறது. ஆகவே அந்தச் சாயலில் தம் கூடத்தை அமைக்க விரும்புவோர் வெளிச்சத்தில் தொடங்க வேண்டும். அலங்காரம் கடைசியில் வரட்டும்.

முதற்படி: வெளிச்சத்தைக் கவனித்தல்

காலை, நண்பகல், மாலை ஆகிய மூன்று வேளைகளிலும் கூடத்தில் வெயில் விழும் இடத்தைத் தரையில் சுண்ணக்கட்டியால் குறித்துக்கொள்ளுங்கள். வளவில் விழும் வெயில் அறைகளுக்குள் நேராகப் பாய்வதில்லை. தரையில் பட்டுத் தெறித்து, தாழ்வாரத்துக் கூரையிலும் சுவரிலும் பரவி, மென்மையடைந்த பிறகே உள்ளே வருகிறது. அடுக்குமாடி வீட்டில் வளவுக்கு வழியில்லை. எனினும் பெரிய சன்னல் ஒன்றைத் தேர்ந்து, அதன் கீழ்ப்பாதிக்கு மட்டும் மெல்லிய பருத்தித் திரையிட்டு, மேற்பாதியைத் திறந்துவிட்டால், வெளிச்சம் மேலிருந்து இறங்கும் உணர்வு ஓரளவு கிடைக்கும்.

இரண்டாம் படி: சுவர்

பழைய வீடுகளின் சுவர்களில் சுண்ணாம்புக் கலவையைப் பல அடுக்குகளாகப் பூசி, முட்டை வெள்ளைக்கரு சேர்த்த மெல்லிய கடைசி அடுக்கை வழவழவென்று தேய்த்து முடித்திருப்பார்கள். கை வைத்தால் குளிர்ச்சியாக இருக்கும் அச்சுவர், வெளிச்சத்தைக் கண்ணாடி போலத் திருப்பி அடிக்காமல் பரப்பித் தருகிறது. அந்த வேலை தெரிந்த கொத்தனார் கிடைக்காவிட்டால், லேசான மஞ்சள் கலந்த வெள்ளையில், பளபளப்புக் குறைந்த பெயிண்ட் போதுமானது. உங்களுடையது பழைய சுண்ணாம்புச் சுவராக இருந்தால் அதன்மேல் பிளாஸ்டிக் பெயிண்ட் அடிக்காதீர்கள். சுவரின் ஈரம் வெளியேற வழியின்றி, பூச்சு உரியத் தொடங்கும்.

மூன்றாம் படி: தரை

கூடத்தின் மனநிலையை மிகுதியும் தீர்மானிப்பது தரை என்பதால், இங்கே அவசரம் கூடாது. அவ்வீடுகளில் பரப்பப்பட்டுள்ள, ஆத்தங்குடி என்னும் ஊரின் பெயர் தாங்கிய ஆத்தங்குடிக் கற்கள் சூளையில் சுடப்படுவதில்லை. கண்ணாடித் தகட்டின்மேல் அச்சை வைத்து, வண்ணம் கலந்த சிமென்ட் குழம்பை அதன் அறைகளில் கையால் ஊற்றி, அச்சை எடுத்தபின் மணலும் சிமென்டும் இட்டு அழுத்தி, காய்ந்ததும் நீரில் ஊறவைத்துப் பதப்படுத்துகிறார்கள். கண்ணாடியை ஒட்டியிருந்த பக்கமே மேற்பரப்பாவதால் அந்த வழவழப்பு தானாக அமைகிறது. கைவேலை என்பதால் கோடுகள் சற்றே விலகியிருக்கும். அந்த விலகல்தான் தரைக்கு உயிர் தருகிறது.

பல வடிவங்கள் நான்கு கற்கள் சேர்ந்தால்தான் நிறைவடையும். எனவே ஒரு கல்லை மட்டும் பார்த்து முடிவெடுக்காமல், நான்கை வாங்கி வந்து நீங்கள் குறித்துவைத்த வெயிலில் பரப்பிப் பாருங்கள். சிவப்புத் தரை, தன்மேல் படும் வெளிச்சத்துக்குத் தன் நிறத்தை ஏற்றி வெள்ளைச் சுவரின் அடிப்பகுதியில் படரவிடும். மாலையில் அது இதமாக இருக்கும், நாள் முழுதும் இருண்ட அறையிலோ பாரமாகத் தோன்றும். சிறிய கூடமானால் நடுவில் ஒரே நிறமும் ஓரத்தில் மட்டும் பூவேலையும் போதும்.

நான்காம் படி: மரம்

அவ்வீடுகளைக் கட்டிய வணிகச் சமூகத்தினரான நகரத்தார் பர்மாவில் நடத்திய வணிகத்தின் வழியாக வந்த தேக்குதான் அவ்வீடுகளின் கதவுகளிலும் தூண்களிலும் நிற்கிறது. கருத்த தேக்கு வெளிச்சத்தை உறிஞ்சிக்கொள்ளும். திறந்த வளவு அருகில் இருந்ததால் அங்கே அது பொருந்தியது. நம் கூடத்துக்கு ஒரு பெஞ்சோ அலமாரியோ போதும். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில் தேடினால் நல்லவை கிடைக்கும். மினுமினுக்கும் வார்னிஷைவிட எண்ணெய்ப் பூச்சே ஏற்றது.

ஐந்தாம் படி: விளக்கு

பல்ப் அட்டையில் வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் என்ற அளவில் குறித்திருப்பார்கள்; 2700 முதல் 3000 கெல்வின் என்று போட்டிருக்கும் மஞ்சள் சாயலுள்ளதை வாங்குங்கள். 6500 கெல்வின் வெள்ளையில் தேக்கும் சிவப்புத் தரையும் சோர்ந்துபோகும். கூரை நடுவில் ஒரே விளக்கை எரியவிடாமல், தனித்தனி சுவிட்சுடன் இரண்டு மூன்றைத் தாழ்வாக அமைத்து, ஒன்றைச் சுவரை நோக்கித் திருப்புங்கள்.

ஆறாம் படி: அலங்காரம்

கட்டம் போட்ட கண்டாங்கிச் சேலையில் ஒரு திண்டு உறை, கொட்டான் எனப்படும் பனையோலைக் கூடை ஒன்றிரண்டு, ஒரு பழைய நிலைக்கண்ணாடி ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளலாம். கண்ணாடியை மாட்டுமுன் அதில் எது தெரியும் என்று பாருங்கள்; சன்னல் தெரிந்தால் வெளிச்சம் கூடும், டியூப்லைட் தெரிந்தால் கண் கூசும்.

தரையைப் பராமரிப்பது எளிது. தினமும் ஈரத்துணியால் துடைத்து, அவ்வப்போது சில சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவிய துணியால் தேய்த்தால் பளபளப்பு ஏறிக்கொண்டே போகும். ஆசிட் மட்டும் அருகில் வரக்கூடாது, ஏனெனில் அது சிமென்டை அரித்து, வண்ணத்தையும் வெளிறச் செய்துவிடும்.