ஓகே சொன்னால் எல்லாம் ஓகே இல்லை

தமிழ்நாட்டிலிருந்து கோலாலம்பூருக்கு வேலைக்கு வந்த நிறையப் பேர் முதலில் மாட்டிக்கொள்வது சாப்பாட்டு மேசையில்தான். "இன்னொரு தோசை?" என்று கேட்டால், வேண்டும் என்பவர் "ஓகே" என்பார், வேண்டாம் என்பவர் "இட்ஸ் ஓகே" என்பார். அந்த ஒரு "இட்ஸ்" ஒட்டியதும் அர்த்தம் தலைகீழ். ஆபீஸில் காப்பி வாங்கப் போகும் சக ஊழியர் உங்களையும் கேட்டு, நீங்கள் "ஐ எம் ஓகே" என்றுவிட்டால் உங்களுக்குக் காப்பி வராது, அப்புறம் அவரைக் கோபித்துக்கொண்டு பிரயோஜனமில்லை.

அடுத்த தவறு, பின்னால் வரும் வாலைக் கவனிக்காமல் விடுவது. இங்கே ஓகே தனியாக வருவதே அபூர்வம். "ஓகே லா" சட்டென்று வந்தால் பிரச்சினை இல்லை, பரவாயில்லை என்று அர்த்தம். அதையே இழுத்து "ஓகேலாஆ" என்றால் மனசில்லாமல் ஒத்துக்கொள்கிறார், இல்லையென்றால் சுமார்தான் என்கிறார். "ஓகே லோர்" என்றால் வேறு வழியில்லை, நடக்கட்டும். "ஓகே வாட்" என்றால் நன்றாகத்தானே இருக்கிறது, உனக்கு என்ன குறை என்ற எதிர்வாதம். நாலையும் "சரி" என்று ஒரே கணக்கில் எழுதிக்கொண்டால், மீட்டிங்கில் "லோர்" போட்டவரைத்தான் முழு ஆதரவு என்று நம்பிக்கொண்டிருப்பீர்கள்.

பேச்சின் நடுவே "ஓகே... ஓகே..." என்று தலையாட்டுகிறாரா, அது சம்மதமே இல்லை. நீங்கள் சொல்வது காதில் விழுகிறது, மேலே சொல்லுங்கள், அவ்வளவுதான். கார் பட்டறையில் "நாளைக்கு ரெடி ஆகுமா?" என்று கேட்டு "ஓகே ஓகே" என்ற பதிலை நம்பி வீட்டுக்குப் போகாதீர்கள், எத்தனை மணிக்கு என்று கேளுங்கள், மணி சொன்னால்தான் அது வாக்கு.

பாராட்டாகவும் இதைப் பயன்படுத்த வேண்டாம். அத்தை மூன்று மணி நேரம் நின்று செய்த மீன் குழம்பை "ஓகே" என்றால் அது பாஸ் மார்க்கு, அடுத்த முறை பசியாறக் கூப்பிடுவாரா என்பது சந்தேகம். "ரொம்ப நல்லா இருக்கு அத்தை" என்பதற்கு என்ன செலவு?

ஓகே எங்கிருந்து வந்தது என்று புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) சுற்றும் போர்க்களக் கதைகளையும் அனுப்பித் தொலைக்காதீர்கள். 'ஆல் கரெக்ட்' என்பதை வேண்டுமென்றே 'oll korrect' என்று தப்பும் தவறுமாக எழுத்துக்கூட்டி, அதன் முதல் எழுத்துகளை எடுத்த கேலிச் சுருக்கம் இது; 1839 மார்ச் 23 அன்று பாஸ்டன் பத்திரிகை ஒன்றில் அச்சானது. மறுவருடம் அமெரிக்க அதிபர் தேர்தலில், கிண்டர்ஹூக் என்ற ஊரில் பிறந்த வேட்பாளர் வான் பியூரனின் 'ஓல்ட் கிண்டர்ஹூக்' பட்டப்பெயரோடு அதே எழுத்துகள் ஒத்துப்போக, நாடு முழுக்கப் பரவியது. இதையெல்லாம் 1960களில் தேடிப்பிடித்து நிறுவியவர் மொழி ஆய்வாளர் ஆலன் வாக்கர் ரீட்.

புலனத்தில் பதில் எழுதும்போது இன்னும் கவனம். வெறும் 'கே' மட்டும் அனுப்பினால் கோபமாக இருக்கிறீர்கள் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள், முற்றுப்புள்ளியும் வைத்தால் கேட்கவே வேண்டாம். மேலாளருக்கு "ஓகே, நாலு மணிக்குள் அனுப்புகிறேன்" என்று வேலையையும் சேர்த்து எழுதுங்கள். பெரியப்பாவுக்கு ஓகேயே வேண்டாம், "சரிங்க பெரியப்பா" போதும்.