எவன்ஸ் முனையைப் பற்றி எழுதப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

துருவப் பகுதி இடப்பெயர்களைப் பற்றித் தமிழில் எழுத வரும் புதியவர்களின் கட்டுரைகளைத் திருத்திக் கொடுப்பவன் நான். எழுத்துப் பிழைகளையும், ‘தெற்கு’ என்பதை விட்டுவிட்டு முனையைச் சைபீரியாவுக்கு வடக்கே கடலில் போடுவதையும் மறுவாசிப்பில் அவர்களே பிடித்துவிடுவார்கள். நாங்களெல்லாம் விழுந்த குழிகளே வேறு. அண்டார்க்டிகாவில், ராஸ் தீவின் மேற்குக் கரையில், 77°38′ தெற்கில் இருக்கும் எவன்ஸ் முனையையே எடுத்துக்கொள்வோம். சின்னஞ்சிறு எரிமலைப் பாறைத் துண்டு, அதில் இத்தனை குழிகள்.

எந்த எவன்ஸ்?

1910–13-இல் தென் துருவத்தை நோக்கிப் போன ராபர்ட் ஸ்காட்டின் பயணத்தில் இரண்டு எவன்ஸ் இருந்தார்கள். துணைத் தலைவர் லெப்டினன்ட் எட்வர்ட் எவன்ஸ் ஒருவர், பெட்டி ஆபீசர் (கடற்படையில் கீழ்நிலை அதிகாரி) எட்கர் எவன்ஸ் இன்னொருவர். முனைக்கு வைத்தது எட்வர்டின் பெயர். புதிதாக எழுதுகிறவர்களோ எட்கரைப் பிடித்துக்கொள்கிறார்கள். அவர் துருவம் வரை போய், திரும்பும் வழியில் 1912 பிப்ரவரி 17 அன்று பியர்ட்மோர் பனியாற்றின் அடிவாரத்தில் இறந்தவர். இறந்தவர் நினைவாக வைத்த பெயர் என்றால் கதை உருக்கமாக அமைந்துவிடுகிறது. உருக்கமான கதையை யார் சரிபார்க்கிறார்கள்?

தேதியைப் பார்த்தாலே போதும். தளம் அமைக்க ஸ்காட் முதலில் நினைத்தது அதே தீவின் குரோசியர் முனையை. அலை இறங்க விடவில்லை. பழைய குடில் இருந்த ஹட் பாயிண்ட் பக்கமோ கடல் உறைந்து கிடந்தது. அதனால் 1911 ஜனவரியில் இங்கே இறங்கி, அதுவரை ‘ஸ்குவரி’ என்றிருந்த இடத்துக்குத் துணைத் தலைவரின் பெயரை வைத்தார். எட்கர் அப்போது திடமாக அதே குழுவில் இருந்தார். சாவதற்கு ஓராண்டு முன்பே நினைவுப் பெயரா?

எட்வர்ட் சாகவும் இல்லை. ஸ்கர்வியில் (வைட்டமின் சி குறைபாட்டு நோயில்) விழுந்தவரைக் குழுவினரான லாஷ்லியும் கிரீனும் ஸ்லெட்ஜில் (பனிச்சறுக்கு வண்டியில்) இழுத்து வந்தார்கள். கடைசியில் கிரீன் தனியாக ஏறக்குறைய 56 கி.மீ. நடந்து போய் உதவி கேட்டார். பிழைத்த எட்வர்ட், 1913 ஜனவரியில் பயணக் கப்பலான டெர்ரா நோவாவுக்குத் தலைமை தாங்கி அதே முனைக்கு வந்தார்.

ஒரு பத்திரிகைச் சிறப்பிதழில் எட்கரின் படத்தைப் போட்டு, ‘இவர் நினைவாகவே’ என்று எழுதியிருந்தார்கள். மெய்ப்பிலேயே சிவப்பு மையில் குறித்துக் கொடுத்தேன். “ரெண்டு பேரும் எவன்ஸ்தானே சார்” என்றார் பக்கம் வடிவமைத்தவர். அப்படியே அச்சானது. அதைப் பார்த்து ஒரு பள்ளிக் கண்காட்சித் தட்டி, தட்டியைப் பார்த்து ஒரு வினாடி வினாப் புத்தகம். சரியாகப் படித்து எட்வர்ட் என்று எழுதிய பிள்ளைக்கு அங்கே மதிப்பெண் கிடையாது. இன்றைக்கும் நினைத்தால் எரிச்சல் வருகிறது.

மூன்று குடில்கள்

ராஸ் தீவில் உள்ள மூன்று பழைய குடில்களையும் குழப்பிக்கொள்கிறார்கள். 1902-இல் ஸ்காட்டின் முந்தைய பயணத்தில் கட்டியது ஹட் பாயிண்டில், 1908-இல் இன்னொரு பயணத் தலைவரான ஷாக்கிள்டன் கட்டியது ராய்ட்ஸ் முனையில், 1911-இல் ஸ்காட் கட்டியது இங்கே. 1915 மே மாதம் அரோரா கப்பல் கட்டறுந்து புயலில் போனதும் இந்த முனையிலிருந்துதான். அது ஷாக்கிள்டனின் பயணம் என்பதால் கண்ணை மூடிக்கொண்டு ராய்ட்ஸ் என்று எழுதிவிடுகிறார்கள்.

பெங்குவின் கூட்டத்தின் படம்

வேண்டாம். அடேலி பெங்குவின்கள் கூட்டமாகக் கூடு வைப்பது ராய்ட்ஸில். இங்கே ஸ்குவாப் பறவைகள். பழைய பெயர் வந்ததே அவற்றால்தான்.

ராஸ் தீவும் ஜேம்ஸ் ராஸ் தீவும்

பெயர் ஒரே ஆளுடையது. இரண்டாவது தீவு அண்டார்க்டிக் தீபகற்பத்தை ஒட்டி, கண்டத்தின் மறுபக்கம் இருக்கிறது.