மூளை ஸ்கேன் ரெஜிஸ்ட்ரேஷன்: மாடலுக்கு முன்னாடி செய்ய வேண்டியது

நாகர்கோவிலில் இன்ஜினியரிங் பிள்ளைகளுக்கு புராஜெக்ட் சொல்லிக்கொடுக்கிறேன். மார்த்தாண்டம், தக்கலைப் பக்கமிருந்து வரும் பிள்ளைகள் மூளை எம்ஆர்ஐ படங்களை ஒன்றோடொன்று பொருத்துவது (ரெஜிஸ்ட்ரேஷன்) என்றதும் நேரே ஏஐ மாடலை ஓட்டப் பார்க்கிறார்கள். பாதி வேலை அதற்கு முன்னாடியே இருக்கிறது.

ஒரே ஆளின் பழைய ஸ்கேனையும் புதிய ஸ்கேனையும் பொருத்துவதாக வைத்துக்கொள்வோம். ஆஸ்பத்திரியின் நெறிமுறைக் குழு அனுமதி கையில் இல்லாமல் ஸ்கேன் படங்கள் உள்ள சிடியை (குறுந்தகட்டை) தொடாதீர்கள். ஸ்கேன் படங்களைச் சேமிக்கும் டைகாம் கோப்புக்குள் நோயாளி பெயர் இருக்கும். பல நேரம் ஃபோல்டர் பெயரிலும் இருக்கும். இரண்டையும் நீக்குங்கள். டைகாமை நிஃப்டி என்ற கோப்பு வகைக்கு மாற்றும் டிசிஎம்2நிக்ஸ் மென்பொருள், வழக்கமாக ஃபோல்டர் பெயரையும் புதிய கோப்பின் பெயரில் சேர்த்துவிடும்.

சிடியில் 1 மி.மீ. அளவிலான முப்பரிமாண டி1 (எம்ஆர்ஐ படத்தின் ஒரு வகை) இருக்கிறதா என்று தேடுங்கள். 5 மி.மீ. தடிமனில் எடுத்த ஸ்லைஸ்களுக்கு நடுவே என்ன இருக்கிறது என்பது எந்த மாடலுக்கும் தெரியாது. அப்புறம் இடம் வலம் சரியா என்று பாருங்கள். மூளையின் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருப்பதால், மாறிக் கிடந்தாலும் மாடல் அழகாகப் பொருத்திக் கொடுத்துவிடும். நமக்குத் தெரியவே தெரியாது.

சிந்த்ஸ்ட்ரிப் என்ற கருவி கொண்டு படத்திலிருந்து மண்டை ஓட்டை நீக்கி, அஃபைன் பொருத்தம் (முழுப் படத்தையும் ஒருசேர நகர்த்தி, திருப்பி, அளவு மாற்றிப் பொருத்துவது) செய்த பிறகுதான் வாக்ஸல்மார்ஃப் என்ற பொருத்தும் மாடல். 2018-இல் வந்தது. பழைய முறைகள் ஒவ்வொரு ஜோடிக்கும் கணக்கை முதலிலிருந்து போடும். இதில் ஒருமுறை பயிற்சி கொடுத்தால் போதும், அடுத்தடுத்த ஜோடி சில நொடிதான். சரியான விடை என்று எதையும் கொடுக்க வேண்டாம். இரண்டு படமும் ஒத்துப்போக வேண்டும், பொருத்துவதற்காகச் செய்யும் நகர்வு வழவழப்பாக இருக்க வேண்டும், இந்த இரண்டும்தான் லாஸ் (பயிற்சியில் குறைக்கப் பார்க்கும் பிழை அளவு). ஒன்று டி1, மற்றது டி2 என்ற வேறு வகைப் படம் என்றால் சிந்த்மார்ஃப் மாடலை எடுங்கள். மூளைப் படங்களுக்கான ஃப்ரீசர்ஃபர் மென்பொருளோடு சேர்ந்தே வருகிறது.

சொந்தமாகப் பயிற்சி கொடுத்தால் ஒவ்வொரு எபோக்குக்கும் (பயிற்சியின் ஒரு சுற்றுக்கும்) செக்பாயிண்ட், அதாவது அதுவரை கற்ற மாடலைச் சேமியுங்கள். நம் மாவட்டத்துக்கு இரண்டு மழைக்காலம், கரண்டு எப்போது போகும் என்று சொல்ல முடியாது.

டைஸ் மதிப்பெண்ணோடு (இரண்டு படத்திலும் குறித்த பகுதிகள் எவ்வளவு ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன என்ற அளவோடு) நிறுத்திவிடாதீர்கள். ஒரு படத்தின் மேல் மற்றதை வைத்து வென்ட்ரிக்கிளின் (மூளைக்குள் திரவம் நிறைந்த அறையின்) ஓரத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஜாக்கோபியன் (ஒவ்வொரு இடமும் எவ்வளவு விரிந்தது, சுருங்கியது என்ற அளவு) சுழிக்குக் கீழே போன வாக்ஸல்களை, அதாவது முப்பரிமாணப் படப்புள்ளிகளை, எண்ணுங்கள். அங்கே திசு மடிந்துகிடக்கிறது என்று அர்த்தம்.

புதிய ஸ்கேனில் கட்டி இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். பழையதில் இல்லாத கட்டியைப் பொருத்த மாடல் பக்கத்துத் திசுவைப் பிடித்து இழுக்கும். அந்த இடத்தை மாஸ்க் போட்டு லாஸிலிருந்து விலக்குங்கள், முடிவை ரேடியாலஜி டாக்டரிடம் இரண்டு மூலப் படங்களோடும் சேர்த்தே காட்டுங்கள்.